மனசு ஓடவில்லையா? எங்கே நிற்கிறதென்று பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி நின்றுபோனால், மெக்கானிக் வந்து "தறிக்கு ஆர்வம் குறைஞ்சுபோச்சு" என்று சொல்வதில்லை. கரண்ட் வருகிறதா, ஊடை நூல் தீர்ந்துவிட்டதா, பாவில் இழை அறுந்ததா, பெல்ட் நழுவியதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். மனிதர்கள் விஷயத்தில்தான் நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. படிக்க உட்காராத பையன், நடைப்பயிற்சியை விட்டுவிட்ட அப்பா, கடைக் கணக்கை மாதக்கணக்காக எழுதாத அண்ணன் என்று எல்லோருக்கும் ஒரே தீர்ப்புத்தான்: "மனசு வைக்கலை." மனசு வைக்காதது வெளியே தெரிகிற குறி. அடியில் வேறு ஏதோ ஒன்று நின்றிருக்கும்.

குறிகளை அவரவர் வாயில் வரும் வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதற்கு ஒரு வாரமாவது கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே ருசியில்லை, சாப்பாடும் தூக்கமும் குலைந்துவிட்டன என்றால் மற்றதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

"எந்திரிக்கும்போதே அலுப்பா இருக்கு"

உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏனென்றால் உடம்பு சோர்ந்தாலும் மனசு சோர்ந்தாலும் அனுபவிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். சேலத்தில் அதற்கு இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று ஷிப்ட். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று மாறி மாறி வேலைக்குப் போகிறவரின் உடம்பு எந்த நேரத்துக்கும் பழகுவதில்லை. அப்படிப்பட்டவருக்கு "விடியற்காலை 4 மணிக்கு எழுங்கள், வாழ்க்கை மாறும்" என்று வீடியோ அனுப்புகிறவர்களை என்ன சொல்வது! அவருக்கு வேண்டியது பகலிலும் இருட்டாக ஓர் அறை, ஜன்னலுக்குக் கனமான துணி, அந்த நேரத்தில் போன் போடாத சொந்தக்காரர்கள். இரண்டாவது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரைக்கும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். கோடையில் யாராவது "எதிலும் ஈடுபாடே இல்லைங்க" என்றால், எந்த அறையில் படுக்கிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன். மேல்மாடி என்றால் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். இல்லாவிட்டால் ஜூன் வரை கீழறையில் பாயைப் போடுங்கள்.

அடுத்து காபி. மலைமேல் ஏற்காட்டில் காபி விளைகிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். இருந்தாலும் சாயங்காலம் 6 மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால், அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வரும், ஆனால் ஆழமாக இருக்காது. கடைசிக் காபியை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

7 மணி நேரம் தூங்கியும் அலுப்பு போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஒருவரை "சோம்பேறி" என்று சொல்லும் வீட்டில் ஹீமோகுளோபினை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. குறட்டை பலமாக விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத மாதிரி இருப்பதற்கு அது பெரிய காரணம்.

இந்தப் பகுதியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். உடம்பு சரியாகிவிட்டால், வேறெதையும் தொடாமலே வேலை நகர ஆரம்பித்துவிடும்.

"செய்யணும்னு ஆசைதான், கைதான் போகமாட்டேங்குது"

இங்கே உடம்பில் குறையில்லை, ஆசையிலும் குறையில்லை. அடைத்திருப்பது வாசல்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். "இன்னைக்குப் படிக்கணும்" என்று எழுதி வைத்திருப்பார். எதை, எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் ஒன்றும் இருக்காது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, திறனறிவுக் கணக்குக்கு 25. இத்தனையும் ஒன்றாக எதிரில் நின்றால் யாருக்கும் கை நீளாது. அவர் கைப்பேசியை எடுப்பதும் இந்த மலைப்பால்தான். திட்டுவதற்கு முன் அந்தச் சீட்டை வாங்கித் திருத்துங்கள்: "தனிவட்டிக் கணக்கு, ஐந்து மட்டும்."

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1990-களில் சொன்ன ஒரு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். என்ன செய்யப்போகிறேன் என்பதோடு நிறுத்தாமல், இது நடந்ததும் அதைச் செய்வேன் என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது. "காலையில் படிப்பேன்" என்பது வெறும் விருப்பம். "பால் காய்ச்சி இறக்கியதும், அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்து ஐந்து கணக்குப் போடுவேன்" என்பது முடிச்சு. பால் தினமும் காயும், அதனால் நினைவுபடுத்த வேறு ஆள் வேண்டாம். கடிகார நேரத்தைவிட, வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுவது நல்லது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறும், பஸ் தாமதமாகும். பால் காய்ச்சாத நாள் இருக்காது.

முடிச்சும் போட்டாயிற்று, அப்படியும் கை போகவில்லை என்றால் இன்னொரு சந்தேகம்: முதல் அடி என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? பட்டா மாற்றுவது, கடன் வாங்குவது, இன்சூரன்ஸ் கோருவது மாதிரியான வேலைகள் வருடக்கணக்கில் தள்ளிப்போவதற்குச் சோம்பல் காரணமில்லை. எந்தக் காகிதம் வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். அப்போது வேலையின் பெயரையே மாற்றி எழுதுங்கள். "பட்டா வேலை" என்பதை அடித்துவிட்டு, "போன வருஷம் பட்டா மாத்தின பக்கத்து வீட்டு அண்ணாகிட்ட என்னென்ன கொடுத்தார்னு கேக்கணும்" என்று எழுதுங்கள். அந்த ஒரு போன் பேசினால் அன்றைக்குப் போதும்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை செய்யும் இடத்தில் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கவிழ்த்து வைப்பது, சைலன்ட்டில் போடுவது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அடுத்த அறையில் வையுங்கள்.

"நாலு நாள் ஜோரா ஓடும், அப்புறம் நின்னுடும்"

தொடங்கத் தெரிந்தவருக்குத் தொடரத் தெரியவில்லை என்பார்கள். எனக்கென்னவோ, இவர்களுக்குத் தெரியாதது தவறவிட்ட பிறகு திரும்பி வருவதுதான்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக, நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகும், உடற்பயிற்சிக்கு நாளாகும். அதனால் 22-ஆம் நாளிலும் எழுந்திருக்கச் சிரமமாக இருந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை. அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதற்குப் பெரிய பாதகம் இல்லை.

பாதகம் வருவது மறுநாள்தான். "அதான் கெட்டுப்போச்சே, வர்ற திங்கட்கிழமையிலிருந்து பாத்துக்கலாம்." அந்தத் திங்கட்கிழமை தையாகி, தை சித்திரையாகிவிடும்.

ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரிலுள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் பண்டிகை. வீட்டுக்கு விருந்தாள், தெருவுக்கு மைக் செட். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வந்து படுப்பவரிடம் காலை 5 மணிக்கு நட என்றால் நடப்பாரா? நடக்க வேண்டாம். ஆனால் பண்டிகை வருவது முன்கூட்டியே தெரியும் அல்லவா? இந்த நாட்களில் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் நடக்கிறவருக்குத் தெருமுனை வரை போய்வந்தால் போதும். ஐந்து கணக்குப் போடுகிறவருக்கு ஒன்று. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் பண்டிகை முடிந்து பழைய அளவுக்குத் திரும்பும்போது, நின்றுபோன வேலையை மறுபடி தொடங்குவதற்கும் குறைத்து வைத்த வேலையைக் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு முறையும் நாலாவது ஐந்தாவது நாளிலேயே நிற்கிறது என்றால் அளவைப் பாருங்கள். முதல் நாள் உற்சாகத்தில் வைத்த அளவு அது. அலுத்துப் போன ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியில் எவ்வளவு முடியுமோ, அதுதான் உங்கள் அளவு.

"நாள் பூரா உழைச்சேன், ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு"

வீட்டுவேலை செய்கிறவர்கள், படுக்கையில் உள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், நீண்ட தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆகியோரிடம் அதிகம் கேட்கும் குறி இது. துலக்கிய பாத்திரம் சாயங்காலம் மறுபடி அழுக்காகிவிடுகிறது. எதைக் காட்டி "இது நான் செய்தது" என்று சொல்வது?

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலையைப் பார்த்தால் இதற்கு ஒரு வழி கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து வாரம் பத்து நாளில் காபிச் செடி பூக்கும். அது பழமாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாதம். நவம்பர் பிறந்தால் பறிப்பு. பழமெல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் பறித்து, பச்சையை விட்டுவிட்டு, அதே செடிக்குச் சில நாள் கழித்து மறுபடி வர வேண்டும். இடுப்பில் கட்டிய பையோடு சரிவில் காலை ஊன்றி நின்று கிளையை வளைத்துப் பறிப்பார்கள். காலையிலிருந்து பறித்தாலும் திரும்பிப் பார்த்தால் செடியில் காய் நிறையத்தான் இருக்கும். செடியைப் பார்த்தால் அலுப்பு வரும். ஆனால் சாயங்காலம் பறித்ததைச் சாக்கில் கொட்டி எடை போடுவார்கள். கிலோ கணக்கு நோட்டில் ஏறும். மிச்சமிருப்பதைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூட இருக்காது.

நம்மிடம் அந்தச் சாயங்கால எடை இல்லை. இருப்பதெல்லாம் செய்ய வேண்டியவற்றின் பட்டியல், அதாவது செடியில் மிச்சமிருக்கும் காய். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, படுக்கும் முன் அன்றைக்குச் செய்து முடித்ததை மட்டும் மூன்று நான்கு வரி எழுதுங்கள். "அம்மாவுக்கு மருந்து மூணு வேளை. ரேஷன் வாங்கியாச்சு. பொண்ணுக்கு வாய்ப்பாடு எட்டு வரைக்கும்." பெருமைப்பட எதுவும் எழுத வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் போதும்.

நீண்ட வேலை என்றால் இன்னொன்றும் செய்யலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு மிதிப்பதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அடுத்த பலகை வரைக்கும்தான் மிதி. பாடத்திட்டமோ, வீடு கட்டும் வேலையோ, எதுவானாலும் நடுவில் எண்கள் இருக்கும்படி பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆரம்பத்தில் புதுமை இழுக்கும், கடைசியில் முடிவு இழுக்கும். ஆள் சோர்வது நடுவில்தான், பலகை வேண்டியதும் அங்கேதான்.

"மத்தவங்களைப் பாத்தா நம்மளது சப்புன்னு ஆயிடுது"

ஒரு வாரத்துக்கு, யாருடைய பதிவைப் பார்த்ததும் வேலையை மூடி வைத்தீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பேராகத்தான் இருப்பார்கள், அதிலும் ஒருவர் கூடப் படித்தவராக இருப்பார். அவர்களைத் தொடராமல் விட்டுவிடுங்கள். நல்லது கெட்டதுக்கு நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

"காசு வருது, வேலையில பிடிப்பு இல்லை"

1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் சகாக்களும் நர்சரிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைகிற குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு தருவோம் என்று சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விளையாட விட்டபோது அந்தக் குழந்தைகள் படம் வரைவது குறைந்துபோயிற்று. சொல்லாமல் திடீரெனப் பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு மார்க்குக்கும் இவ்வளவு ரூபாய் என்று பிள்ளைகளிடம் ரேட் பேசுகிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரியவர்கள் வேலையில் பிடிப்பு போவதற்குக் காசைவிட அடிக்கடி காரணமாக இருப்பது, தன் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்களிடம் பேசினால், டிசைனும் வியாபாரியுடையது, வெள்ளியும் அவருடையது, கெடுவும் அவர் வைத்தது என்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் ஏதாவது ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடிகிறதா என்று தேடுங்கள். எந்த வேலையை முதலில் எடுப்பது, எத்தனை மணிக்கு எழுந்து கால் நீட்டுவது, பக்கத்தில் உட்காரும் சின்னப் பையனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது, இப்படி. சின்னதாக இருந்தாலும் அது வேலையின் நிறத்தை மாற்றும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூலி வருடக்கணக்காக ஏறாமல், விலைவாசி மட்டும் ஏறும் இடத்தில் பிடிப்பு குறைந்தால் அது கோளாறே இல்லை, சரியான கணிப்பு. அங்கே சரிசெய்ய வேண்டியது உங்கள் மனசை அல்ல. கூலி கேட்பது, சேர்ந்து கேட்பது, வேறு இடம் தேடுவது ஆகியவைதான் வழி. இதற்குத் தன்னம்பிக்கைப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்பது யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும்.

"மத்ததெல்லாம் நடக்குது, இது ஒண்ணு மட்டும் வருஷமா நகரலை"

இது உங்கள் ஆசைதானா என்று பாருங்கள். யாருக்கும் தெரியாது, யாரும் பாராட்ட மாட்டார்கள் என்றாலும் இதைச் செய்வீர்களா? இல்லை என்று உடனே பதில் வந்தால், அது அண்ணனுடைய ஆசையாகவோ பத்து வருடத்துக்கு முன்பிருந்த உங்களுடைய ஆசையாகவோ இருக்கலாம். விட்டுவிடுங்கள். ஆனால் சத்தமாக விடுங்கள். ஹாலில் துணி காயப்போடும் கம்பியாகிவிட்ட உடற்பயிற்சி சைக்கிளை விற்றுவிட்டு, "இனிமே இது கிடையாது" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் வரை தினமும் அதைக் கடந்து போகும்போதெல்லாம் கொஞ்சம் குற்ற உணர்வு தின்னும், அந்தச் சோர்வு மற்ற வேலைகளிலும் படியும்.

"எதுலயும் ருசி இல்லை"

வேலையில் மட்டுமில்லை, பிடித்ததிலும் ருசி போய்விட்டது. முன்பு தட்டுவடை செட் கடையைக் கண்டால் வண்டி தானாக நிற்கும். இப்போது வீட்டுக்கே வாங்கி வந்து வைத்தாலும் கை போகவில்லை. தூக்கம் வரவில்லை அல்லது எழவே முடியவில்லை. தான் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது. இது ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மன அழுத்த நோயாக (டிப்ரெஷன்) இருக்கலாம். மேலே சொன்ன முடிச்சு, நோட்டு, பலகை எதுவும் இதற்கு மருத்துவம் ஆகாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். ராத்திரி பகல் எந்த நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே சொல்லுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் அந்த ஆளைத் தனியாக விடக் கூடாது. தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் அதை வீட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும். அவசரம் என்றால் 108.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "மனசைத் தைரியமா வச்சுக்கோ கண்ணு" என்று சொல்வது அன்புதான், ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு அதுவும் தன்னால் செய்ய முடியாத இன்னொரு வேலை. அதற்குப் பதில், "செருப்பை மாட்டு, மூக்கனேரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று கூட நடங்கள். மனசு சரியான பிறகு எழுந்து நடக்கலாம் என்று காத்திராமல் சின்னச் சின்னக் காரியங்களில் முதலில் இறங்குவது, மன அழுத்தத்துக்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று. பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் 1970-களிலேயே இந்த வழியில் வேலை செய்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மருத்துவரிடம் போகும் முன், எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பாடு எப்படி, ஏற்கெனவே என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும், அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.